காற்று வராத வீடு

டார்ம்ஸ்டட் பக்கம், ஜெர்மனி

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். "புது வீட்ல காத்து நல்லா வருதாடா?" என்று அம்மா போனில் கேட்டபோது, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. காற்று வரவில்லை, அம்மா. வரவில்லை என்பதற்கு ஆளை வரவழைத்து, சோதனை போட்டு, கையெழுத்து வாங்கி, சான்றிதழாக பீரோவில் வைத்திருக்கிறேன்.

சோதனை நடக்கிற விதம் இது. வாசல் கதவைத் திறந்து, நிலையில் சிவப்புத் துணியை விறைப்பாகக் கட்டி, நடுவில் ஒரு பெரிய ஃபேனைப் பொருத்துகிறார்கள். அது வீட்டுக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். உள்ளே அழுத்தம் 50 பாஸ்கல் குறைந்ததும், எங்கெல்லாம் ஓட்டை உண்டோ அங்கெல்லாம் வெளிக்காற்று சீறிக்கொண்டு நுழையும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு வீட்டுக் காற்று முழுக்க எத்தனை தடவை மாறும் என்று மெஷின் கணக்குச் சொல்லும். சாதாரண வீட்டுக்கு 3 தடவை வரை அனுமதி. காற்றோட்டத்துக்குத் தனி மெஷின் வைத்த வீட்டுக்கு 1.5தான். எனக்கு 0.8. வந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மார்க் குறைந்ததற்காக என்னை ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை. அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

முந்தின ராத்திரியே நான் ஒத்திகை பார்த்துவிட்டேன். வெளியே நல்ல காற்று. ஊதுபத்தியைக் கொளுத்தி, சாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் காட்டிக்கொண்டே போனேன். புகை நேராக எழுந்தால் பாஸ், ஆடினால் ஓட்டை. மாடிப்படிக்குக் கீழே ஓர் இடத்தில் நன்றாக ஆடியது. ஒயர் இழுத்தவர் குழாயின் வாயை அடைக்காமல் போயிருக்கிறார். நான் தரையில் படுத்து அந்த பிளக்குக்குப் புகை காட்டுவதைப் பார்த்த மீனா, "அப்படியே மணியும் ஆட்டுங்க" என்றாள். இனி வெளிச்சுவரில் கண்ட இடத்தில் ஆணி அடிக்கக் கூடாது. சுவருக்குள் காற்றுத் தடுப்புத் தாள் இருக்கிறது, அது கிழிந்துவிடும். அதனால் சிவகாசியிலிருந்து வருஷா வருஷம் அனுப்புகிற தினசரிக் காலண்டரைப் பிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்துத்தான் ராகு காலம் பார்க்கிறோம்.

சரி, இப்படி அடைத்துவிட்டால் மனிதன் மூச்சு விட வேண்டாமா? அதற்குத்தான் அந்தத் தனி மெஷின். வெளியே போகும் சூடான காற்றும் உள்ளே வரும் குளிர்ந்த காற்றும் ஒன்றோடொன்று கலக்காமல் ஒட்டினாற்போல் போகும். போகிற காற்று தன் சூட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் வருகிற காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். காற்று வராமலிருக்க ஒரு பில், காற்று வர ஒரு பில். இரண்டையும் கட்டுகிறவன் ஒரே ஆள்.

வாடகை வீட்டுக்கு இது எவ்வளவோ மேல். அங்கே ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது: குளிர்காலமானாலும் தினமும் சில தடவை எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து சில நிமிஷம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் அட்வான்ஸில் கழிப்பார்கள். வெளியே பனி கொட்டும். காசு கொடுத்து ஏற்றிய சூடு ஜன்னல் வழியாகப் போவதைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்து நிற்பேன்.

பெரியப்பாவிடம் இதைச் சொல்லவேண்டாம்: சுவர் லாரியில் வந்தது. ஜன்னலும் கண்ணாடியும் பொருத்தியே வந்தது. கீழ்த்தளம் கான்கிரீட், அது முன்கூட்டியே போட்டது. கிரேன் வந்து இரண்டே நாளில் கூரை வரை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் மரச்சட்டம். சட்டத்துக்கு நடுவில் பழைய செய்தித்தாளைப் பஞ்சாக அரைத்து, சுலபத்தில் தீப்பிடிக்காமலிருக்க ஒரு உப்பைச் சேர்த்து, குழாய் வைத்து ஊதி நிரப்பியிருக்கிறார்கள். மரமும் காகிதமும்! நம் பக்கம் இந்தச் சரக்கைச் சேர்த்து வைத்தால் ஒன்று தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள், இல்லை பட்டாசு ஆபீஸ் என்று வெடிபொருள் துறையின் நாக்பூர் லைசென்ஸைக் கேட்பார்கள். இங்கே வீடு என்று பேங்க் லோன் கொடுக்கிறது. ஆனால் அடுப்படியில் தீக்குச்சி உரச ஓர் இடமில்லை. அடுப்பு இண்டக்‌ஷன், பால் காய்ச்சியதும் அதில்தான். படுக்கையறைக்கெல்லாம் புகை கண்டுபிடிக்கும் கருவி வைக்கவேண்டும் என்பது சட்டம். சாம்பிராணி போட்ட அன்றைக்கு அது கத்திய கத்தில் எதிர்வீட்டுக்காரர் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

வீட்டைச் சூடாக்குவது ஹீட் பம்ப். வெளியே நிற்கும், பிரிட்ஜைத் திருப்பி வைத்தது போல வேலை செய்யும். குளிர்ந்த காற்றிலும் மிச்சமிருக்கிற சூட்டைப் பிழிந்து எடுக்கும். ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, மூன்றரை யூனிட் சூடு கிடைக்கிறது. தரைக்கடியில் ஓடும் குழாயில் 35 டிகிரித் தண்ணீர் போதும். இதற்குத்தான் இத்தனை லட்சம். அக்னி நட்சத்திரத்தில் நம் மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டி இதைவிடச் சூடாக, சும்மா கொடுக்கும். நாம் அதைத் திட்டிக்கொண்டே குளித்தோம்.

அண்ணே, இருக்கன்குடி ரோட்டு மனையில் கட்டப்போகும் வீட்டுக்கு ஏசி எத்தனை டன் வேண்டும் என்று கேட்டீர்கள். ஏசியைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் அஸ்திவாரம். இங்கே ஈரமண் உறைந்து பருத்து வீட்டைத் தூக்கிவிடும் என்று 80 சென்டிமீட்டருக்குக் கீழே போகச் சொல்கிறார்கள். அங்கே கரிசல் அதே வேலையை மழைத் தண்ணீரை வைத்துச் செய்யும். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். கொத்தனார் "இது போதும் அண்ணாச்சி" என்பார், நிறுத்தாதீர்கள். கரிசல் கழிந்து சுக்கான் பாறை தட்டுகிற வரை தோண்டச் சொல்லுங்கள். ரொம்ப ஆழம் போகிறதென்றால், ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்றே அடி அகன்ற பைல் முறை ஒன்றைச் சொல்லியிருக்கிறது. மதுரையில் எந்த என்ஜினியரைக் கேட்டாலும் தெரியும்.

அடுத்தது கூரை. நம் ஊர் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு நடுச்சாமம் வரைக்கும் படுத்திருப்பவன் தலையில் கக்குகிறது. தளத்துக்கு மேலே கெட்டி நுரை அட்டை விரித்து, அதற்கு மேல் தட்டோடோ வெள்ளை டைல்ஸோ ஒட்டிவிடுங்கள். இங்கே நான் சுவரில் திணித்த பழைய பேப்பர் சூட்டை உள்ளே பிடித்து வைக்கிறது. அங்கே அந்த அட்டை சூட்டை வெளியே நிறுத்தும். அதற்கு ஆகும் செலவு ஏசி பில்லில் திரும்பிவிடும். மேற்குச் சுவரில் ஜன்னலைக் குறைத்து, வெயில் படாமல் ஒரு வேம்பு. மற்றபடி எதிரும் புதிருமாக ஜன்னல் வையுங்கள். சிவப்புத் துணிக்காரர் யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்.

எங்களுக்குப் பக்கத்திலேயே, டார்ம்ஸ்டட்டின் கிரானிக்ஸ்டைன் பகுதியில், 1991-ல் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற இயற்பியல்காரர் நாலு வீடுகளை வரிசையாகக் கட்டி, ஒன்றில் தாமே குடியேறினார். உலகத்தின் முதல் 'பாசிவ் ஹவுஸ்' அவைதான். அந்த முறையில் எவ்வளவு குளிரடித்தாலும் சதுர மீட்டருக்குப் பத்து வாட் சூடு போதும் என்பது கணக்கு. என் வீடு அவ்வளவு தூரம் இல்லை, இருந்தாலும் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். 140 சதுர மீட்டர், நம் அளவில் 1500 சதுர அடி. வேண்டியது 1400 வாட். சும்மா உட்கார்ந்திருக்கிற மனித உடம்பு சுமார் நூறு வாட் சூடு விடுகிறது. ஆக, பதினாலு பேர் இருந்தால் ஹீட்டரே வேண்டாம்.

சாத்தூரில் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டில் அதற்குக் குறைந்து யார் இருந்தார்கள்? இங்கே நாங்கள் மூன்று பேர். முந்நூறு வாட். மிச்சத்துக்குக் கரண்ட் கம்பெனிக்கு அழுகிறேன்.

ஜனவரியில் விசாவுக்குப் போடுங்கள். அம்மா, நீங்கள் நாலு பேர், இரண்டு சித்தி வீடு, எங்களையும் சேர்த்து எண்ணினால் பதின்மூன்று வருகிறது. பெரியப்பாவையும் கூட்டி வாருங்கள். சீட்டாட்டத்தில் அவர் போடுகிற சத்தத்துக்கு இருநூறு வாட் தேறும். காராச்சேவு மூன்று கிலோ போதும். வெள்ளரிப்பிஞ்சு வேண்டாம், ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள். வாங்கினால் ரயிலிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அன்புத் தம்பி,
முருகேசன்