பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறோம்

சென்னையின் தென்கோடியில் உள்ள எங்கள் நகரில் குற்றங்கள் குறைந்துவிட்டன. வீட்டுத் தரகர் சொல்கிறார், நலச் சங்கத் தலைவர் சொல்கிறார், சங்க ஆண்டு விழாவில் பொன்னாடை வாங்கிக்கொண்டு காவல் அதிகாரியும் சொல்கிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. பதிவேட்டில் ஏறினால்தானே அது குற்றம்? ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளும் கலையில் நம் ஸ்டேஷன்களை மிஞ்ச ஆளில்லை.

கோயிலுக்குப் போய்த் திரும்பும் ஒரு மூதாட்டியின் கழுத்திலிருந்து, பைக்கில் வந்த இருவர் ஐந்து பவுன் சங்கிலியை அறுத்துக்கொண்டு பறக்கிறார்கள் என்று வையுங்கள். ஸ்டேஷன் ரைட்டர் முதலில் கேட்பது வண்டி நம்பர் அல்ல. “தங்கமாம்மா, கவரிங்கா?” தங்கம்தான் என்றால், “பில் இருக்கா?” அது அவர் கல்யாணத்துக்கு அப்பா போட்ட சங்கிலி. இன்று அப்பாவும் இல்லை, வாங்கிய கடையும் இல்லை. அடுத்தது எல்லை ஆராய்ச்சி. “டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அந்தப் பக்கம்னா அது வேற ஸ்டேஷன் லிமிட்.” 2022இல் தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்கள் ஆனபின் இந்தப் புவியியல் பாடம் இன்னும் விரிந்திருக்கிறது. கழுத்தில் ரத்தக் கோட்டோடு அவர் நின்றுகொண்டே இருந்தால் கடைசியில் கருணை பொங்கும். “எப்.ஐ.ஆர். போட்டா கோர்ட்டுக்கு அலையணும்மா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு? சி.எஸ்.ஆர்., அதான் புகார் வாங்கினதுக்கு ரசீது, தர்றேன், வாங்கிட்டுப் போங்க.”

கைபேசி பறிபோனால் வேலை இன்னும் சுலபம். “பறிச்சாங்கன்னு எழுதாதீங்க தம்பி, தொலைஞ்சு போச்சுன்னு எழுதுங்க, சிம் சீக்கிரம் கிடைக்கும்.” ஒரே வரியில் வழிப்பறி ஒழிந்தது, திருடனும் ஒழிந்தான். மிச்சமிருப்பது பொறுப்பில்லாத ஒரு பையன் மட்டும்.

சட்டம் இதற்கு இடம் கொடுத்ததா என்றால், இல்லை. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னது 2013இல். எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்கவேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவே சொல்கிறது. சில குற்றங்களுக்குப் 14 நாள் முதற்கட்ட விசாரணை என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறார்கள்தான், அதற்கும் டி.எஸ்.பி. அனுமதி வேண்டும். சங்கிலிப் பறிப்பைத் தனிக் குற்றமாக்கி மூன்று ஆண்டு வரை சிறை என்றும் எழுதிவிட்டார்கள். டெல்லியில் எழுதியாயிற்று. இங்கே ரைட்டர் எழுதவேண்டுமே!

ரைட்டரை மட்டும் திட்டிப் பயனில்லை. மாதாமாதம் கிரைம் மீட்டிங் என்று ஒன்று நடக்கிறது. போன மாதத்தைவிட எண்ணிக்கை கூடினால் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று வசவு வாங்கவேண்டும். நேர்மையாக எல்லாவற்றையும் பதிந்தவர் கையாலாகாதவர், எதையும் பதியாதவர் சிங்கம். குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தன் ஆண்டறிக்கையிலேயே எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை. பட்டியலில் நம் ஊர் எத்தனையாவது என்று பார்த்து மார்தட்டுவதோடு சரி.

கேமராவுக்குக் குறைவில்லை. சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா, உலகிலேயே முதலிடம் என்று 2020இல் ஒரு தனியார் நிறுவனம் சென்னைக்கு மகுடம் சூட்டியது. காசு போட்டவர்கள் பலர், கடைக்காரர்களும் குடியிருப்போரும். பழுது பார்க்கத்தான் நாதியில்லை. சங்கிலியைப் பறிகொடுத்தவரே கடை கடையாக ஏறி “அந்த நேரத்துப் பதிவைக் கொஞ்சம் காட்டுங்கப்பா” என்று கெஞ்சவேண்டும்.

ஓடுகிற கேமராக்களும் தெருவைத்தான் பார்க்கின்றன. நாட்டில் பெண்களுக்கு எதிராகப் பதிவாகும் குற்றங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமை. 2022ஆம் ஆண்டு அறிக்கையிலும் முதலிடம் அதற்கே. மூன்றாம் மாடியில் மனைவியை அறைகிறவர் சங்கத்தின் பொருளாளராக இருக்கலாம். மாதச் சந்தா கட்டினால் போதும். கேட்டில் 12 மணி நேரம் நிற்கும் அஸ்ஸாம் பையனிடம்தான் ஆதார் நகல் கேட்போம். இஸ்திரிக்காரரின் வண்டி அரை மணி நேரம் கூடுதலாக நின்றால் வாட்ஸ்அப் குழுவில் அவர் படம் சுற்றும். நமக்குக் குற்றவாளி என்றால் கேட்டுக்கு வெளியே இருப்பவன், அதிலும் ஏழையாக இருப்பவன்.

அப்படி ஒருவன் பிடிபட்டு, ஸ்டேஷன் பாத்ரூமில் ‘வழுக்கி விழுந்து’ மாவுக்கட்டோடு படத்துக்கு நிற்பான். உடனே நம் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் பறக்கும். அத்தனை பேரை வழுக்கிவிட்ட அந்தத் தரையை இன்றுவரை எந்த அரசும் மாற்றவில்லையே என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்தக் கைதட்டல் எங்கே போய் நிற்கும் என்பதையும் பார்த்தோம். 2025 ஜூனில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலுக்கு வந்தவர்கள் காரில் வைத்த நகையைக் காணவில்லை என்று புகார் சொன்னார்கள். சந்தேகம் நம் கேட்டில் நிற்பவரைப் போன்ற ஒரு காவலாளி மீது விழுந்தது, கோயிலில் வேலை பார்த்த இளைஞர். தனிப்படை அவரை விசாரித்தது, அவர் பிணமானார். காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. எப்.ஐ.ஆர். கூடப் போடாமல் தனிப்படை எப்படி இறங்கியது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. பேனாவை எடுக்கக் கூசிய கை லத்தியை எடுக்கக் கூசவில்லை. புகாரை எழுதாமல் விரட்டும் ஸ்டேஷனும் புகாரை எழுதாமல் அடிக்கும் ஸ்டேஷனும் ஒன்றுதான். எழுத்தில் இல்லாத ஒன்றுக்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது என்ற தைரியம்தான் இரண்டுக்கும் மூலதனம்.

ஆகவே சி.எஸ்.ஆர். ரசீதை நீட்டினால் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எப்.ஐ.ஆர். கேளுங்கள், அதன் நகலை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். மறுத்தால் அதே புகாரைத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்புங்கள், அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போங்கள். நம் பகுதியின் குற்றக் கணக்கில் ஒன்று கூடும். கூடட்டும்.