செவுத்துக்குச் சொக்காய்

வா கண்ணு, பாத்து மிதி. உங்கம்மிச்சி திண்ணையில காவி பூசி வெச்சிருக்குது, இன்னுங் காயலை. நீ விக்கப்போற சாமான் நாலு நொடியில காஞ்சிருமாமே? அதை உங்கம்மிச்சி காதுல போட்டுராத. இன்னிக்கே ஒரு டிரம்மு வாங்கியான்னு என்ர உசுர வாங்கும்.

போன்ல நீ காட்டின படத்தப் பாத்தேன். ஆஸ்திரேலியாக்காரப் பசங்க 45 மீட்டர் கோபுரத்து மேல இருந்து தர்பூசணியக் கீழ உடறாங்க. வெறும் பழம் சிதறித் திக்குக்கொரு பக்கம் போகுது. நீ விக்கப்போற பூச்ச அடிச்ச பழம் பந்தாட்டம் துள்ளுது. அதப் பாத்ததும் மைசூருல இருக்கற செவுத்துக்கெல்லாம் குண்டு தொளைக்காத சொக்காய் போடறேன்னு நீ கெளம்பிட்ட. மிஷினு வாங்கக் காசு பத்தலை, சத்தியமங்கலத்து அரை ஏக்கராவ வித்துக் குடு அப்பிச்சீங்கற. கேளு சாமி, பேரன் கேக்காம வேற ஆரு கேப்பாங்க? அந்தப் பழத்த ஒருக்கா அறுத்து உள்ள பாத்தயா, அதச் சொல்லு மொதல்ல. தோலு ஒடையாட்டிச் சரி, சொளை என்னாச்சு?

நீ குடுத்துட்டுப் போன நோட்டீச ரெண்டு தரம் படிச்சேன். கண்ணாடி போடாம ஒருதரம், போட்டுக்கிட்டு ஒருதரம். போடாமப் படிச்சப்ப நெம்ப நல்லாருந்துச்சு.

பாலியூரியான்னு கண்டதும் வயலுக்குப் போடற யூரியான்னுதான் நெனச்சேன். அப்பறம் பெயிண்டுக்கடைப் பையனக் கூப்புட்டு உக்கார வெச்சுக் கேட்டேன். ரெண்டு டிரம்மு. ஒண்ணுல ஐசோசயனேட்டு, இன்னொண்ணுல அமீன் பிசினு. ரெண்டையும் 65, 70 டிகிரிக்குச் சூடேத்தி, 140 பார் அழுத்தத்துல தனித்தனி ஓசுல கொண்டாந்து, தெளிக்கற துப்பாக்கி வாயிலதான் சந்திக்க உடோணுமாம். சந்திச்ச சில நொடியில கெட்டிப்பட்டுரும். பொண்ணு பாக்கப் போன எடத்துலயே தாலி கட்டறாப்பல. அதுக்கப்பறம் கோணலாப் போச்சு, திருப்பி அடிக்கறேன்னா ஆகாது. எனக்குச் சுண்ணாம்புல அந்தப் பயமே இருந்ததில்ல. திம்பம் மலையேறி இந்த மைசூருக்கு வந்து நாப்பது வருசம் செவுத்துக்குப் பூசியே உங்கம்மாளக் கட்டிக் குடுத்தவன் நான். கோணலா அடிச்சா மேல இன்னொரு கை அடிச்சு மறைச்சுருவேன். எத்தன கோணல மறைச்சேன்னு கேக்காத.

சரி, இந்தச் சாமான் எதுக்கு வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? 1996-ல சவுதியில கோபர் டவர்ஸ்னு ஒரு கட்டடத்துக்கு வெளிய ஒரு வண்டி நெறைய வெடி வெச்சு வெடிச்சாங்க. அமெரிக்க விமானப்படை ஆளுக 19 பேரு செத்தாங்க. காயப்பட்டவியள்ல நெம்பப் பேரக் கிழிச்சது பறந்து வந்த கண்ணாடி. வெடிய விடச் செவுரும் சன்னலுந்தான் எமன்னு அவியளுக்கு அப்பப் பட்டுச்சு. புளோரிடாவுல டிண்டால்னு அவிய விமானப்படைத் தளத்துல ஹாலோ பிளாக் செவுரு கட்டி, உள்பக்கமா இந்தப் பூச்ச அடிச்சு, வெளிய வெடிய வெச்சுப் பாத்தாங்க. செவுரு ஒடைஞ்சுச்சு. நல்லாக் கேட்டுக்கோ, ஒடைஞ்சுச்சு! ஆனா ஒடைஞ்ச கல்லு ஒண்ணும் ரூமுக்குள்ள பறக்கலை. சாக்குக்குள்ள ஒடைச்ச தேங்காயாட்டம் பூச்சுக்குள்ளயே நின்னுக்கிச்சு. அதுக்கும் பூச்சத் தரையிலயும் மேல கூரையிலயும் சேத்துப் புடிக்க உடோணும். இல்லாட்டிச் சாக்கோட வந்து நெஞ்சுல உழும்.

உன்ர நோட்டீசுல என்ன போட்டிருக்கற? "உங்கள் சுவருக்கு அழிவே இல்லை." அட கெரகமே! செவுரு செத்து, ஆளப் பொழைக்க வெக்கற சாமான் இது. அதுவும் நீ வெளிப்பக்கம் பூசி, நடுவுல உன்ர போன் நம்பரையும் எழுதறதாப் படம் போட்டிருக்கற.

குண்டு சமாச்சாரம் இன்னும் மோசம். தோட்டா வந்து வெறும் பூச்சுல முட்டி நிக்குமுன்னு எந்தப் படிச்சவனுஞ் சொல்லலை. கெட்டி இரும்புத் தகட்டு மேல மெல்லிசா ரப்பராட்டம் இதப் பூசினா, அதத் தொளைக்கத் தோட்டாவுக்கு இன்னும் வேகம் வேணும்னு அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்துல கண்டிருக்கறாங்க. அடியில இரும்பு இருந்தாத்தான் அந்தப் பேச்சே. நம்ம கான்பூர் டிஆர்டிஓ ஆளுக 2024-ல லேசான சொக்காய் ஒண்ணு பண்ணினாங்க. அதுலயும் தோட்டாவ முன்னால நின்னு நொறுக்கறது பீங்கான் தகடு, பாலிமர் அதுக்குப் பின்னால. நீ என்னடான்னா டிஸ்டெம்பர் உதுந்த செவுத்துல அடிச்சுட்டுத் துப்பாக்கிக்காரன வரச்சொல்ற.

மைசூருல ராணுவ ஆய்வுக்கூடமே இருக்குதேன்னு அன்னிக்கு மடக்கின. இருக்குது ராசா. 1961-ல இருந்து இருக்குது. அவிய சப்பாத்திக்கும் புலாவுக்கும் கவசம் போடறவிய. நடுவுல அலுமினியம் வெச்ச பல அடுக்குப் பையில சோத்த அடைச்சு, மாசக்கணக்காக் கெடாம எல்லையில நிக்கற பசங்களுக்கு அனுப்பறாங்க. அங்க போயி குண்டுப் பூச்சுக் கேட்டின்னா சோறு போட்டு அனுப்புவாங்க. போயிட்டு வா, எனக்கும் ஒரு பை கொண்டா.

வெடியப் பத்திப் படிக்கோணும்னா ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ் ஏறு. தரியா தௌலத் மண்டபத்துச் செவுத்துல 1780-ல நடந்த பொள்ளிலூர்ச் சண்டைய எழுதி வெச்சிருக்குது. நம்ம காஞ்சிபுரத்துப் பக்கம். பெய்லிங்கற வெள்ளக்காரத் தளபதியோட மருந்து வண்டி வெடிக்கறத நல்லா உத்துப் பாரு. அப்ப ஐதரும் திப்புவும் உட்ட ராக்கெட்டுல என்ன விசேசம்? மருந்துக்கு இரும்புக் கொழாயில சொக்காய் போட்டாங்க. மூங்கிலோ காயிதமோன்னா கிழிஞ்சிரும். இரும்பு அழுத்தத்தத் தாங்கிப் புடிச்சுக்கிச்சு, ராக்கெட்டு நெம்பத் தூரம் போச்சு. சொக்காய் போட்டா அடக்கவும் அடக்கும், பறக்கவும் உடும். அது உள்ள இருக்கறதப் பொறுத்துது.

அந்தத் திப்புவே மருந்துக் கிடங்குகளச் செங்கல்லும் காரையும் வெச்சுப் பூமிக்குள்ள பாதி எறக்கித்தான் கட்டினான். ஒண்ணு ரயில் பாதைக்குக் குறுக்க நின்னுச்சு. 2017-ல அதை இடிக்காம, ஜாக்கி வெச்சுத் தூக்கி நூறு மீட்டருக்கு மேல நகத்தி வெச்சாங்க. வயசு இருநூறுக்கு மேல, ஒரு கல்லு கழலலை. அவ்வளவு கெட்டியாக் கட்டின கோட்டைக்குள்ளயே 1799 மே 2-ந்தேதி ஒரு குண்டு ராக்கெட்டுக் கிடங்குல உழுந்து வெடிச்சுச்சு. ரெண்டு நாள்ல கோட்டை போச்சு.

நம்ம தெருவுல வெடி வெக்க ஆரு வர்றா சொல்லு. தசராவுக்கு 21 தரம் பீரங்கி வெடிக்கறாங்க. அந்தச் சத்தத்துக்கு முன்னமே ஆனைகளப் பழக்கி உடறாங்களே தவிர, ஆனைக்கு ஆரும் பூச்சடிக்கலை.

பூச்சுன்னா நம்ம மைசூரு பெயிண்டு ஃபேக்டரியப் பாரு. 1937-ல மகாராசா காலத்துல அரக்குக்கும் பெயிண்டுக்கும் தொறந்தது. 1962 எலெக்சன்ல இருந்து ஓட்டுப் போட்டா வெரல்ல வெக்கற மையி அங்க இருந்துதான் நாடு பூராப் போகுது. சில்வர் நைட்ரேட்டு. தோலோட சேந்து, வெளிச்சம் பட்டுக் கறுத்துரும். சோப்புக்கும் அசையாது, நகம் வளந்து வெட்டினாத்தான் போகும். ஒரு சொட்டு மையி. பாக்கறவிய அசந்து போறாப்பல ஒரு வீடியோவும் இல்ல.

ஐசோசயனேட்டப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலை. அடிக்கறப்ப அந்தப் புகைய இழுத்தா ஆஸ்துமா வந்துருமாம். மூஞ்சி மூடி, தனியாக் காத்துக் கொழாய் வெச்சு அடிக்கோணும். உன்ர கணக்குல மிஷினுக்கு மட்டும் வெல போட்டிருக்கற, வேலைக்கு வர்ற பையன் மூச்சுக்குப் போடலை. சுண்ணாம்பு வேகறப்ப எனக்குக் கண்ணு போகப் பாத்துச்சு. அன்னிக்கு மேஸ்திரி குடுத்தது ஒரு துண்டு, அதுலயும் ஓட்டை.

அரை ஏக்கராவ விக்கறதுல எனக்குச் சங்கட்டம் இல்ல. பாதி கெணறு, மீதி பங்காளி வழக்கு. ஆனா மைசூருல இந்தச் சாமான வாங்கறவன் எவனும் குண்டுக்குப் பயந்து வாங்கலை கண்ணு, மழைக்குப் பயந்துதான் வாங்கறான். போன வருசம் ஒருத்தன் பத்து வருசம் உத்தரவாதமுன்னு எழுதிக் குடுத்து நம்ம மொட்டைமாடியில எதையோ அடிச்சுட்டுப் போனான். ஆடியில உங்கம்மிச்சி தலைமாட்டுலயே குண்டா வெச்சுட்டுப் படுத்துச்சு.

ஆறு மாசத்துக்கு மிஷின வாடகைக்கு எடு. சனிக்கிழம வா. மொதல்ல மாடியச் சொரண்டி, ஓதம் போகக் காய வெச்சு, பிரைமரு அடிச்சுட்டு அப்பறம் உன்ர துப்பாக்கிய எடு. மூணு நாளு தண்ணி கட்டி நிறுத்துவேன். நாலாம் நாளுக் காத்தால குண்டா காஞ்சிருந்துச்சுன்னா பத்திரத்த எடுத்தாறேன். சொட்டுச்சுன்னா, அந்தக் குண்டாவ உன்ர தலைமாட்டுக்கு மாத்திப் போடறேன். இப்ப எந்திரி, பொறத்தால பாரு. காவி ஒட்டிக்கிச்சு.