சும்மா ஒரு ரவுண்டு

மாத்தளையில் இப்போது சைக்கிள் ஓட்டப் புறப்படுகிறவர்கள் முதல் வேலையாக வானுக்குச் சொல்லிவைக்கிறார்கள். கூரையில் சைக்கிள் கட்டத் தோதான வானாகப் பார்க்க வேண்டும். ரத்தோட்டை தாண்டும்வரை அது சைக்கிள்களைச் சுமந்துகொண்டு ஏறும். அங்கே இறக்கி, கழற்றிய சக்கரத்தைப் பூட்டி, ஹெல்மெட் மாட்டி, கையுறை போட்டு, வரிசையாக நின்று படம் எடுத்து, அதை வட்ஸ்அப்பில் ஏற்றிய பிறகுதான் யாருடைய காலும் பெடலில் படும். என் தங்கை மகனும் அவன் கூட்டாளிகளும் இதில் கைதேர்ந்தவர்கள். அந்த வட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கான பேச்சு திங்கட்கிழமையே ஆரம்பமாகிவிடும். மழை வருமா வராதா என்று ஆளுக்கொரு செயலியைப் பார்த்துச் சண்டை பிடிப்பார்கள். வியாழக்கிழமையளவில் பாதிப்பேருக்கு முதுகுவலி வந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு இருந்த ஒரே முன்னேற்பாடு, யாருடைய அப்பா பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்திருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பதுதான். சொந்தமாகச் சைக்கிள் வைத்திருந்த பையன் எங்கள் கூட்டத்தில் கிடையாது. நெட்டையன் கொண்டுவருவது கச்சேரியில் வேலை பார்த்த அவன் அப்பாவின் ரலி. அதன் சங்கிலிக்கு அவர் தையல் மெஷின் எண்ணெய் மட்டும்தான் விடுவார். இன்னொருவன் கடைச் சாமான் கொண்டுபோகும் ஹம்பரில் வருவான். பேக்கரிக்காரர் மகன் வருவது பாண் சைக்கிளில். காலைப் பாணுக்கும் மாலைப் பாணுக்கும் நடுவில் அது சும்மா நிற்கும். பின்னால் கட்டிய மரப்பெட்டியை அவிழ்க்க நேரம் போதாது என்பதால் பெட்டியோடுதான் வருவான். எங்கள் ரொட்டி, கட்டச்சம்பல், துவாய், விசிலடிக்கும் காற்றுப் பம்பு எல்லாம் அதற்குள்தான் போகும். திரும்பி வரும்போது ஆற்று மணலும் ஈரமும் பெட்டிக்குள் இருக்கும். மாத்தளை மக்கள் அன்று மாலை வாங்கித் தின்ற கிம்புலா பணிஸ் பற்றி நான் மேற்கொண்டு எழுதப்போவதில்லை.

இப்போது பாண் முச்சக்கர வண்டியில் வருகிறது, ஒலிபெருக்கியில் பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' மெட்டோடு. அதைக் கேட்டால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் பசிக்கும். பீத்தோவன் பாண் விற்பார் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் பேக்கரிக்காரரே நம்பியிருக்க மாட்டார்.

எங்களுக்குப் பிடித்த வழி வடக்கே போகிற ரோடு. கண்டியிலிருந்து 1880 இல் மாத்தளைக்கு வந்த ரயில், வந்த களைப்பில் இங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் இதற்கப்பால் தண்டவாளம் இல்லை. ஆகவே அலுவிகாரை, பலாபத்வெல, நாலந்தா, தம்புள்ளை என்று போக வேண்டுமானால் ஏ9 ரோடுதான். ஊரைத் தாண்டினால் நல்ல இறக்கங்கள் வரும். வாடைக் காற்று முகத்தில் அடிக்க, பெடலைத் தொடாமலே போகலாம். ஒருநாள் நாங்கள் இப்படிக் கிளம்புவதைத் திண்ணையில் இருந்து பார்த்த என் அப்பாயி கூப்பிட்டு நிறுத்தினார்.

"எங்கடா போறீங்க?"

"நாலந்தாவுக்கு, அப்பாயி."

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல. சும்மா."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க பாட்டன் பூட்டன்லாம் வயித்துக்கு இல்லாம இந்த ரோட்டுல நடந்து வந்தாங்கடா. நீங்க வயிறு முட்டத் தின்னுட்டு அதே ரோட்டுல திரும்பிப் போறீங்க. என்னாத்துக்கு?"

அவர் சொன்னது உண்மைதான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே தம்புள்ளைக்கு வந்து, அங்கிருந்து இந்தப் பாதையில்தான் மலையேறினார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலேயே தின்றது போக மிச்சப்பட்டவர்களுக்கு மாத்தளைதான் கண்டிச் சீமையின் வாசல். அந்த ரோட்டில் கையை விட்டுச் சைக்கிள் ஓட்டிக் காட்டுவதுதான் எங்கள் வீரம். இப்போது மருமகனின் கைக்கடிகாரம் எத்தனை கலோரி எரிந்தது என்று மணிக்கொரு தரம் சொல்கிறது. வயிற்றை நிரப்ப நடந்த ரோட்டில் வயிற்றைக் குறைக்க ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தால் அப்பாயி விளக்குமாற்றைத் தேடியிருப்பார்.

அலுவிகாரையில்தான் கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் பௌத்தத் திரிபிடகத்தை முதன்முதலாக ஏட்டில் எழுதினார்கள். எங்களுக்கு அது தண்ணீர் குடிக்க நிற்கிற இடம். அதற்கப்புறம் ரோட்டோரமாக மிளகு காயப் போட்டிருப்பார்கள், சாக்கு சாக்காக. மிதித்துவிடாமல் வளைத்து ஓட்ட வேண்டும். உள்ளே தள்ளி நிழல் மரங்களுக்குக் கீழே கொக்கோ. மஞ்சளாகப் பழுத்த காயாகப் பார்த்துத் திருகி, கல்லில் தட்டினால் இரண்டாகப் பிளக்கும். விதையைச் சுற்றி வழுவழுவென்று ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையை வாயில் போட்டு உருட்டினால் புளிப்பும் இனிப்பும் கலந்து நாக்கு கூசும். சதை தீர்ந்ததும் கொட்டையைத் துப்பிவிடுவோம், யார் தூரமாகத் துப்புவது என்று பந்தயம் வைத்து. இப்போது மருமகன் சட்டையின் முதுகுப் பையிலிருந்து உறை பிரித்து எனக்கு நீட்டுவது நாங்கள் துப்பிய அந்தக் கொட்டையைத்தான், எழுபது சதவீதம் என்று அச்சடித்து. கசக்கிறது. தோட்டங்களும் பலகை மாட்டிக்கொண்டுவிட்டன. சுற்றுலாப் பஸ்கள் வாசலில் நிற்க, வெள்ளைக்காரர்கள் ஒரு கறுவாப் பட்டையைச் சுற்றி வட்டமாக நின்று பாடம் கேட்கிறார்கள்.

நாலந்தாவுக்கு மாத்தளையிலிருந்து சுமார் 25 கிலோமீற்றர். அங்கே இருப்பது கெடிகே. பல்லவர் பாணியில் கல்லால் கட்டிய பௌத்த ஆலயம், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடும் என்று கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி அடுக்கி, 1980 இல் வேலையை முடித்தார்கள். நாங்கள் போன காலத்தில் அது புதிதாகக் குடிவந்த வீட்டுக்காரர் மாதிரிக் கூச்சத்தோடு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பௌத்த ஆலயத்தில் தமிழ்நாட்டுக் கோயில் சாயல் எப்படி வந்தது என்று கேட்கும் வயது எங்களுக்கு வரவில்லை. அதன் அடித்தளத்தில் வெயிலும் மழையும் தேய்த்த ஒரு காதல் சிற்பம் உண்டு. எங்கள் தொல்லியல் ஆர்வம் முழுவதும் அந்த ஒரு கல்லோடு அடங்கியிருந்தது. கல் தேய்ந்துபோனதில் இன்னது கை இன்னது கால் என்று தெரியாது. அதைப் பற்றி வீடு வரைக்கும் விவாதம் நடக்கும்.

வீடு வரைக்கும் என்றால் ஏற்றம். இறங்கித் தள்ளுவோம். சில நேரம் தம்புள்ளைப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு முக்கி முனகி வரும் லொறியின் பின்பலகையை ஒரு கையால் பிடித்துக்கொள்வோம். கிளீனர் பையன் தக்காளியால் எறிவான். தக்காளி நல்லதாக இருந்தால் தின்போம்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் வித்தை இருந்தது. எல்கடுவவிலிருந்து உக்குவளைக்கு இறங்கும் தோட்ட ரோட்டில் கம்பிப் பிரேக் ஒரு பேச்சுக்குத்தான். ரிம் நனைந்தால் அதுவும் இல்லை. பாண் சைக்கிளுக்கு முன் மட்காட் கிடையாது என்பதால், வலது காலைத் தூக்கி, போர்க்குக்குப் பின்னால் டயர் மேல் பாட்டாச் செருப்பை மெல்ல வைத்து அழுத்த வேண்டும். மெல்ல என்பது முக்கியம். பதறி மிதித்தால் சக்கரம் காலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சரியாக வைத்தால் உள்ளங்காலில் சூடு ஏறும், ரப்பர் கருகும் மணம் தேயிலை மணத்தோடு கலந்து வரும், வண்டி பணிந்துபோகும். வலது செருப்பில் மட்டும் நடுவில் வாய்க்கால் விழுந்திருப்பதைப் பார்த்து அம்மா கேட்பார்: "ஒத்தக் காலாலயா நடக்குற?"

மருமகனின் சைக்கிளில் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கிற டிஸ்க் பிரேக். ஒற்றை விரல் போதும். அதன் நுட்பத்தை எனக்குப் பொறுமையாக விளக்குவான். செருப்புப் பிரேக்கைப் பற்றி நான் சொன்னபோது, காப்புறுதி இருந்ததா என்று கேட்டான்.

1983 ஜூலைக் கலவரத்தோடு எங்கள் கூட்டம் கலைந்தது. கடைகள் எரிந்தன, முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. ஹம்பர் வைத்திருந்தவன் குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்விட்டான். பிறகு 88, 89 கிளர்ச்சிக் காலம். அப்போது சிங்களப் பையன்களைத்தான் பெற்றவர்கள் வீட்டுக்குள் பூட்டிவைத்தார்கள். நாலு வாலிபர்கள் சேர்ந்து சைக்கிளில் போவதற்கு அந்த நாட்களில் ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது, அதைக் கேட்கும் பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. அதற்கப்புறமும் நெடுங்காலம் சந்திக்குச் சந்தி அடையாள அட்டையை நீட்ட வேண்டியிருந்தது. எங்கே போகிறாய் என்று துப்பாக்கியோடு கேட்பவரிடம் சும்மா என்று சொல்ல முடியாது.

சைக்கிளை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தது பொருளாதார வீழ்ச்சி. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அந்த விலைக்கும் கிடைக்காது. பெற்றோல் செட்டிலிருந்து கிளம்பிய வரிசை மூன்று வளைவு தாண்டி நிற்கும், வாகனத்துக்குள்ளேயே படுத்துத் தூங்குவார்கள். அப்போதுதான் வங்கி அதிகாரிகளும் ஆசிரியர்களும் பரண்மேல் கிடந்த சைக்கிள்களை இறக்கித் துடைத்தார்கள். புதிது வாங்கப் போனவர்கள் விலையைக் கேட்டுவிட்டு நடந்தே திரும்பினார்கள். என் லுமாலா சைக்கிளுக்கு, முன்னால் கூடை வைத்தது, அந்த மாதங்களில் கிடைத்த மரியாதை எனக்குக் கல்யாணத்தன்றுகூடக் கிடைக்கவில்லை. கியூ.ஆர். அட்டை வந்து, வரிசை தேய்ந்து, மோட்டார் சைக்கிள்கள் மறுபடி உறுமத் தொடங்கிய பிறகும் சிலர் சைக்கிளை விடவில்லை. மருமகனின் குழு அப்படிப் பிறந்ததுதான்.

மாவட்டத்தின் மறுகோடியில், சீகிரியாப் பக்கம், சைக்கிளுக்கு வேறொரு முகம். விடுதிகளில் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள் குளக்கட்டிலும் வயல் வரம்போரத்திலும் திரிகிறார்கள். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள், யானை வரும் என்று விடுதிக்காரர் சொன்னால் அவர்கள் முகம் மலர்கிறது. விடுதிக்காரர் சைக்கிளை நினைத்துக் கவலைப்படுகிறார்.

மருமகனின் குழுவில் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இருவரும் ஏற்றத்தில் மற்ற எல்லோருக்கும் முன்னால் போகிறார்கள். எங்கள் காலத்தில் என் தங்கை சைக்கிளைத் தொட்டதற்கே அடி வாங்கினாள். இதில் எனக்குக் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை.

போன மாதம் ரிவஸ்டன் வழியாகப் பிட்டவல பத்தனை வரை போனோம். அவை இருக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரை 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையில் சேர்த்தது. அதற்கு முன்பு அது உலகத்துக்குச் சொந்தம் என்று தெரியாமல் நாங்கள் அங்கே கால் நீட்டி உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறோம். இப்போது டிக்கெட் வாங்க வேண்டும். அட்டை மட்டும் பழைய ஆள்தான். நாங்கள் சவர்க்காரமும் உப்பும் தடவிக்கொண்டு போவோம், இவர்களிடம் முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறை இருக்கிறது. காலுறைக்கு மேலே ஏறிவந்து தொடையில் கடிக்கிறது. ரிவஸ்டன் காற்றும் மாறவில்லை. வளைவில் திரும்பினால் ஆளைச் சைக்கிளோடு சேர்த்துப் பக்கவாட்டில் தள்ளும். நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். மருமகன் இறங்கவில்லை. ஸ்ட்ராவாவில் சராசரி வேகம் விழுந்துவிடுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே, என் நடை வேகத்தில், ஓட்டிக்கொண்டு வந்தான்.

அன்றைக்கு வான் பழுது. அதனால் மாத்தளையிலிருந்தே சைக்கிளில் ஏற வேண்டியதாகிவிட்டது. விடிந்தும் விடியாத நேரம், ரோட்டோர லயத்துப் பீலியடியில் ஒரு வயசான அம்மா குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பச்சையும் மஞ்சளுமாய் உடம்போடு ஒட்டிய சட்டை போட்ட ஆட்கள் நாக்குத் தள்ள ஏறி வருவதைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தார்.

"ஏந்தம்பி, பஸ் ஓடலையா?"

"ஓடுது ஆயா," என்றான் மருமகன், மூச்சு வாங்க. "நாங்க சும்மா..."

"சும்மாவா?" என்னைப் பார்த்தார். தலை நரையைப் பார்த்தார். லுமாலாவின் கூடையில் கிடந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார். "பெரியவரையும் சும்மாவா கூட்டியாந்த? மறைக்காதப்பா. பெட்ரோல் மறுபடியும் இல்லாமப் போச்சா?"

இல்லை, செட்டில் தாராளமாக இருக்கிறது என்று இரண்டு பேர் சேர்ந்து சொன்னார்கள். ஒரு பெண்பிள்ளை, உடம்புக்கு நல்லது ஆயா என்று எடுத்துச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். நாங்கள் அடுத்த வளைவு திரும்புவதற்குள் லயத்துப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டது காதில் விழுந்தது.

"ஏய் புள்ள, எதுக்கும் அந்த மண்ணெண்ண கேன எடுத்துக்கிட்டு கடப்பக்கம் ஓடு. கியூ வாரதுக்குள்ள!"