எம்ஜிபி காரில் மழைநீர் புகுமாறும் போகுமாறும்: ஓர் ஆய்வு

கழற்றி மாட்டும் டாப் உள்ள ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி எழுதியவர்கள் எஞ்சினைப் பாடினார்கள், வேகத்தைப் பாடினார்கள், பானெட்டின் வளைவைப் பாடினார்கள். மழை நாளில் ஓட்டுபவரின் வலது தொடை மட்டும் ஏன் நனைகிறது என்ற வினாவுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

மூலபாடமாகக் கொண்டது எம்ஜிபி. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் இது. தகரக் கூரை போட்ட ஜிடி வகையையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குக் கப்பலேறின. அங்கே போன பிரதிகளில் ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால், இக்கட்டுரையில் ‘வலது தொடை’ என்று வரும் இடங்களிலெல்லாம் ‘இடது தொடை’ என்று பாடம் கொள்க. மழை ஓயாத நாட்டில் செய்து, வெயில் ஓயாத கலிஃபோர்னியாவில் விற்றதுதான் இந்த காருக்குச் செய்யப்பட்ட முதல் நீர்த்தடுப்பு ஏற்பாடு என்றும் ஒரு கருத்து உண்டு. அதை நாம் முழுதாக மறுக்கவில்லை.

நம் கருதுகோள் ஒன்றுதான். எம்ஜிபிக்குள் நீர் புகுவது குற்றமன்று. புகுந்த நீர் போவதற்கு வைத்த வழி அடைபடுவதே குற்றம். சிலிக்கான் டியூபும் கையுமாக அலையும் அடைப்புவாதிகள் இதை ஒப்ப மாட்டார்கள். அவர்களுக்கான மறுப்பு உரிய இடத்தில் வரும்.

முதலில் முன்னோர் நிலை. எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏ, 1955 முதல் 1962 வரை வந்தது. அதன் திறந்த வகையில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. செருகி எடுக்கும் பக்கத் திரைதான். கதவுக்கு வெளியே கைப்பிடியும் கிடையாது. திரையின் மடலைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, அங்கிருக்கும் பிடியைத் துழாவிப் பிடித்து இழுத்தால்தான் கதவு திறக்கும். மழையில் இதைச் செய்பவரின் சட்டைக்கை வழியாக அக்குள் வரை போகும் நீரைக் காரின் குற்றமாகக் கொள்வதா, கையின் குற்றமாகக் கொள்வதா என்பது இன்னும் தீரவில்லை. எம்ஜிபி வந்தபோது கதவில் சுற்றி ஏற்றும் கண்ணாடி வந்தது, வெளியே கைப்பிடி வந்தது. அதன்பின் நீர் வேறு வழிகளைத் தேட வேண்டியதாயிற்று.

அவ்வழிகள் நால்வகைப்படும்: மேல்வழி, முன்வழி, பக்கவழி, கரந்துறை வழி.

மேல்வழி எல்லோரும் அறிந்தது; ஆகவே அநியாயமாக அதிகம் பழி சுமப்பது. ஆரம்பகால எம்ஜிபியில் கழற்றிக் கட்டிவைக்கும் டாப் ஒரு வகை. கம்பிச் சட்டத்தைத் தனியே பிரித்து, துணியைச் சுருட்டி, இரண்டையும் டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். மழை வந்தால் இதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும், அதுவும் மழையிலேயே. வினைல் டாப்புக்கு இன்னொரு குணம் உண்டு. குளிரில் சுருங்கி விறைத்துக்கொள்ளும். புது டாப் மாட்டுவதென்றால் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, துணியை விரித்துப் போட்டு, இளகியபின் இழுத்து மாட்டுங்கள் என்பார்கள் அனுபவஸ்தர்கள். வெயில் நாளில் டாப் எதற்கு என்று அவர்களிடம் கேட்கக்கூடாது. குளிர்ந்த மழை நாளில் அதே டாப், கடைசி டிச் பட்டனுக்கு அரை அங்குலம் எட்டாமல் நின்றுவிடும். அந்த அரை அங்குலத்தை இரண்டு கட்டைவிரல்களாலும் இழுத்துப் பிடித்தபடி நனைந்து நிற்பவரைப் பார்த்தால் பிரிட்டிஷ் மோட்டார் வரலாற்றின் பாதி விளங்கிவிடும்.

தையலையும் விடலாகாது. ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. பருத்தி நூல் நனைந்ததும் பருத்து அந்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் நூலுக்கு அந்தப் பரோபகாரம் கிடையாது.

நின்ற காரில் ஒழுகாத டாப், ஓடும் காரில் ஒழுகுவதேன்? டாப்பின் மேல் காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று துணியைத் தள்ள, டாப் பூரி போல உப்புகிறது. கண்ணாடியின் மேல் விளிம்பை மூடியிருந்த துணி மடல் அப்போது மெல்லத் தூக்கிக்கொள்ளும். அந்த இடுக்கில் நுழையும் நீர், கண்ணாடியின் உட்பக்கமாக இறங்கி, கதவின் மேல்விளிம்பில் ஒரு கணம் திரண்டு, பிறகு சொட்டும். எங்கே சொட்டும் என்பது முதல் பத்தியிலேயே சொல்லப்பட்டது.

முன்வழியில் நிலைமை நேர்மாறு. முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று வந்து முட்டுவதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. நீரை இடுக்குக்குள் நெட்டித் தள்ளுகிறது. எம்ஜிபியின் முன்கண்ணாடி ஓர் அலுமினியச் சட்டத்தில் நிற்கிறது. சட்டத்தின் இரு கால்கள் காரின் உடலுக்குள் இறங்கி டாஷ்போர்டுக்கு அடியில் போல்ட்டில் முடியும். சட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவே இருப்பது ஒரு ரப்பர் பீடிங். இதை மாற்றும்போது ஒருவர் மேலே நின்று சட்டத்தை முழு பலத்தோடு அழுத்த வேண்டும். இன்னொருவர் கால்வைக்கும் குழியில் தலையை விட்டு மல்லாந்து கிடந்து போல்ட் துளை நேராகிறதா என்று பார்க்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’, ‘ஐயோ, தாண்டிவிட்டது’ என்ற இரண்டே வாக்கியங்களில் நடக்கும் உரையாடல் இது. கணவன் மனைவியாக இருப்பவர்கள் இதற்கு வெளியாளை அமர்த்திக்கொள்வது உத்தமம்.

பக்கவழியில்தான் நம் கருதுகோள் தலைகாட்டுகிறது. கண்ணாடி இறங்கும் கதவு எதுவானாலும், கண்ணாடிக்கும் தகரத்துக்கும் இடையே கொஞ்சம் நீர் கதவின் வயிற்றுக்குள் போகும். எம்ஜிபி என்றில்லை, நீங்கள் ஓட்டும் காரிலும் அப்படித்தான். அதற்காகவே கதவின் அடிவிளிம்பில் வடிதுளைகள் இருக்கின்றன. சேறு அடைத்தால் நீர் கதவுக்குள்ளேயே தேங்கும், அடித்தகரம் அரிக்கும். உட்பக்க அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாளை யாரோ ஒரு மெக்கானிக் கிழித்துப் போட்டிருந்தால், அட்டை ஊறி நீர் கார்பெட்டுக்கு வரும். சொந்தக்காரரோ மேலே அண்ணாந்து டாப்பைத் திட்டிக்கொண்டிருப்பார்.

கரந்துறை வழிதான் எம்ஜிபியின் மறைபொருள். முன்கண்ணாடிக்கு முன்னால், பானெட்டுக்குப் பின்னால், ஒரு சல்லடை இருக்கிறது. ஹீட்டருக்குக் காற்று எடுக்கும் வாய் அது. அழுத்தம் கூடிய இடத்தில் வைத்தால்தான் காற்று தானாக உள்ளே வரும்; அதனால் அந்த இடம். சல்லடை வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பதால் மழையும் வரும் என்பதை வடிவமைத்தவர்கள் அறியாதவர்களல்லர். உள்ளே ஒரு பெட்டி; பெட்டியின் அடியில் ஒரு ரப்பர் குழாய்; அக்குழாய் கியர்பாக்ஸ் சுரங்கத்தின் வழியே இறங்கித் தரையில் விடுகிறது. நீரை அழைத்தார்கள், வழியனுப்பவும் ஏற்பாடு செய்தார்கள். இலையுதிர் காலத்து இலைகள் சல்லடை வழியே உள்ளே போய் மக்கிக் குழம்பாகிக் குழாயை அடைக்கும்போதுதான் ஏற்பாடு குலைகிறது. பெட்டி குளமாகும். நிரம்பியதும் ஓட்டுபவர் பாதத்திலோ பக்கத்தில் இருப்பவர் பாதத்திலோ வழியும். குழாயின் நுனியைத் தேடிப் பிடித்து ஒரு சைக்கிள் பிரேக் கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தால், கறுப்பாக ஒரு கட்டி வந்து விழும். அதைத் தொடர்ந்து போன வருடத்து மழை முழுவதும் வரும்.

இனி அளவை இயல். ஒழுகலை அறிய நம் தருக்க நூலார் வகுத்த காண்டல், கருதல், உரை ஆகிய மூன்றுமே போதும்.

உரை அளவை மிகப் பலவீனமானது. ‘என் வண்டி ஒழுகவே ஒழுகாது’ என்று சத்தியம் செய்பவரை இரண்டு கேள்வி கேட்டால், அவர் மழையில் வண்டியை எடுப்பதே இல்லை என்பது தெரியவரும். கருதல் அளவை ஆபத்தானது. புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு என்பதைப் போலவே ஈரம் கண்ட இடத்துக்கு நேர் மேலே ஓட்டை உண்டு என்று பலர் கருதுகிறார்கள். நீரோ தகரத்தின் அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டே ஓரடி ஓடி, ஒரு விளிம்பு கண்ட இடத்தில்தான் கைவிடும். புகுந்த இடம் வேறு, சொட்டும் இடம் வேறு.

ஆகவே காண்டல். கதவுக்கும் பீடிங்குக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பிடிப்பு இல்லை. முகப்பவுடரை உள்ளே தூவிவைத்தால் நீர் போன தடம் கோடாகத் தெரியும். கதவுகளைச் சாத்தி, உள்ளே ஹீட்டர் விசிறியை ஓடவிட்டு, வெளியே இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் காற்று கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். இவற்றில் தலையாயது ஹோஸ் பைப் முறை. ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, மற்றவர் வெளியிலிருந்து கீழ்மட்டத்தில் தொடங்கிப் பொறுமையாக மேலே வரவேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து சாட்சியம் கெட்டுப்போகும். உள்ளே உட்காரும் பாக்கியம் வீட்டில் இளையவருக்கே கிடைப்பது மரபு.

அடைப்புவாதிகளுக்கு வருவோம். அவர்களிலும் சான்றோர் உண்டு. பிரிட்டனில் கேப்டன் டோலி என்ற பெயரோடு விற்கும் பால்நிறத் திரவம், நீர் எந்த நுண்விரிசலில் ஊர்ந்து போகுமோ அதிலேயே தானும் ஊர்ந்து போய் உள்ளே இறுகிக்கொள்ளும். படகுக்காரர்கள் மதிக்கும் சரக்கு. மற்றவர்களோ கண்ட இடுக்கிலெல்லாம் சிலிக்கானைப் பிதுக்குகிறார்கள், வடிதுளை உட்பட. எம்ஜிஏ போல எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் கிடையாது, உடலே சேசிஸ். கதவுக்குக் கீழே முன்பின்னாக ஓடும் சில் என்னும் பெட்டித் தகரம்தான் திறந்த காரைத் தொய்யாமல் தாங்குகிறது. வெளியேற முடியாத நீர் அதற்குள் தங்கித் துருவாக்கும். துருவால் உடல் தொய்யும். தொய்ந்தால் கதவு சரியும். சரிந்த கதவின் கண்ணாடி பீடிங்கில் சேராது. சேராத இடத்தில் மேலும் நீர் வரும். காரணமும் காரியமும் இப்படிச் சுற்றி வருவதைத் தருக்க நூலார் குற்றம் என்பர். டிங்கரிங் செய்பவர் பிழைப்பு என்பார்.

பிறநாட்டார் இச்சிக்கலைக் கூரையைக் கெட்டியாக்கித் தீர்க்கப் பார்த்தார்கள். போர்ஷ் 1965இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டிய 911 டார்காவில், நடுவில் கழற்றும் கூரைத் துண்டு, அதன்பின் உறுதியான வளைவு. பின்கண்ணாடி மட்டும் ஜிப் வைத்த பிளாஸ்டிக். ஒரு கூரையில் ஜிப் என்ற சொல் நுழைந்தபின் மேலே ஆராய ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1968 கார்வெட்டின் கூரையை ஒரே துண்டாகக் கழற்றும்படி எண்ணினார்கள். உடல் முறுக்கிக்கொண்டதால் நடுவே ஒரு பட்டை கொடுத்து இரண்டு துண்டாக்கினார்கள். ஒரு பெரிய இடுக்கு இரண்டு சிறிய இடுக்குகளாயிற்று.

கூரையே குற்றவாளி என்போருக்கு இறுதி மறுப்பு ஆபிங்டனிலிருந்தே கிடைக்கிறது. 1965இல் வந்த எம்ஜிபி ஜிடிக்கு இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினாவின் கைவண்ணத்தில் நிலையான தகரக் கூரை அமைந்தது. துணி இல்லை, தையல் இல்லை, டிச் பட்டன் இல்லை. ஆனால் அதே சல்லடை, அதே பெட்டி, அதே ரப்பர் குழாய். இலை அடைத்தால் ஜிடியிலும் கார்பெட் ஊறுகிறது.

எஞ்சியிருப்பது தரைத்தளத்து மூடி பற்றிய வழக்கு. கால்வைக்கும் இடத்துத் தகரத்தில் துளைகளும் அவற்றுக்கு ரப்பர் மூடிகளும் உண்டு. மூடியைக் கழற்றிவிடு, வந்த நீர் போகட்டும் என்பது ஒரு சாரார் கட்சி. கழற்றினால் சக்கரம் அடிக்கும் சாலை நீர் கீழிருந்து மேலே பாயும் என்பது மற்றவர் கட்சி. இரண்டும் உண்மையாதலால், நிற்கும்போது திறந்தும் ஓடும்போது மூடியும் வைப்பதே சமரசம். இதைக் கடைப்பிடிப்பவர் மழையில் கிளம்பும் முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குனிந்து, கார்பெட்டைத் தூக்கி மூடியைப் பொருத்த வேண்டும். அந்தத் திறந்த கதவு வழியாக அதற்குள் வந்துவிடும் நீர், மேற்சொன்ன நால்வகை வழிகளிலும் ஒரு மழைக்காலம் முழுக்க வரும் நீரைவிட அதிகம்.