அச்சை விட்டு வராத ரெசின்

எபாக்சி ரெசின் பார்த்த இடத்தில் எல்லாம் ஒட்டும். சிலிகோன் அச்சோடு ஒட்டாது. வீட்டுக் கைவினைக்காரர்களின் பிழைப்பு இந்த ஒற்றைப் பகையில்தான் ஓடுகிறது. இறுகும் நேரமாகப் புட்டியில் அச்சிட்ட '24 மணி நேரம்' ஏறத்தாழ 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. வார்ப்பது கேரள மலையூரான மூணாற்றில் என்றால், அது 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதும், தை மாதப் புல்வெளியில் உறைபனி படிவதும் புட்டிக்குத் தெரியாது. வெப்பம் 10 டிகிரி இறங்கினால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும்.

அவசரப்பட்டுப் பிரித்தால், தேயிலைக் கொழுந்து பதித்த கீசெயின் அல்வாப் பதத்தில் வரும், பிரித்தவரின் கைரேகையோடு. பிரிக்கும் முறை என்னவோ எளியதுதான்: ஓரங்களை நெகிழ்த்தி, காற்றை உள்ளே புகவிட்டு, அச்சைப் பின்புறமாக மடித்துத் தள்ள வேண்டும். கத்தியை நுழைத்தால் அச்சில் விழும் கீறல், அடுத்து வரும் ஒவ்வொரு வார்ப்பிலும் தவறாமல் ஆஜராகும்.

கெட்டியான பிளாஸ்டிக் அச்சுக்கு முன்பே மெழுகு பூசியிருக்க வேண்டும். மறந்தவர்களுக்கு ஃப்ரீசர், குளிரில் ரெசின் சுருங்கிக் கழன்றுகொள்ளும். மூணாற்றில் பாதி வேலையைத் திண்ணையே பார்த்துவிடும். ஆனால் ரெசின் முதலில் இறுகியிருக்க வேண்டும்; அதைத் தடுப்பதும் அதே குளிர்தான்.

நீலக்குறிஞ்சி பதித்துக் கேட்பவர்களுக்கு: பறிப்பது குற்றம். மூணாற்றில் 2018-இல் பூத்தது அடுத்து 2030-இல்தான் பூக்கும். அதற்குள் ரெசின் இறுகிவிடும்.