இன்னொரு சின்ன விஷயம்

இரவு இரண்டரைக்கு மெயில். பிரித்துப் பார்க்காமலே சொல்லிவிடுவேன், முதல் வரி “இன்னொரு சின்ன விஷயம்” என்றுதான் இருக்கும்.

ஸ்பான்சர் சார்தான். லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் ஒரு லைப்ரரியைச் சேர்த்துவிட ஆசைப்பட்ட எல்லோருக்கும் இவர் ஒரு வகையில் உறவு. நம்மைப் போன்ற வெளியாட்கள் பேக்கேஜை நேராக ஏற்ற முடியாது. அந்தஸ்துள்ள ஒருவர் பார்த்து, கையெழுத்திட்டு, ஏற்றித் தரவேண்டும்.

லைப்ரரி என் நண்பன் எழுதியது. கம்பைல் ஆகிறது, டெஸ்ட் அத்தனையும் பாஸ். அதெல்லாம் சாருக்குப் பொருட்டே இல்லை. நேராகக் காப்பிரைட் ஃபைலுக்குப் போவார். கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று தேடும் பெரியப்பாவைப் போல, எந்த ஃபைலை யார் எழுதினார், எந்த வருஷம், என்ன லைசென்ஸ் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார்.

“டெஸ்ட் ஃபைல் ஒன்றில் 2014 என்றிருக்கிறது. நீங்கள் 2015 என்று போட்டிருக்கிறீர்கள்.” திருத்தினேன். இன்னொரு சின்ன விஷயம்: ஆட்டோகான்ஃப் மேக்ரோ ஒன்று வெறும் ஜிபிஎல் அல்ல, விதிவிலக்கோடு கூடிய ஜிபிஎல். திருத்தினேன். இன்னொரு சின்ன விஷயம்: ஆவணங்களுக்குள் சுருக்கிய ஜேகுவெரி கிடக்கிறது, சுருக்காத மூலம் எங்கே? தூக்கினேன்.

பிறகு ஜேசன் வடிவத் தரவைப் படிக்கும் ஒரு ஃபைல். நல்ல காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்கிறது அதன் லைசென்ஸ். எனக்குப் புல்லரித்தது. சாருக்கு ஆகவில்லை. எந்த வேலைக்குப் பயன்படுத்தவும் தடை இருக்கக்கூடாது என்பது 1997 முதல் டெபியன் வைத்திருக்கும் விதி. ஆகவே கெட்டவனுக்கும் உரிமை உண்டு, எடுத்துவிடுங்கள் என்றார்.

(பேக்கேஜின் ஒருவரி ஆங்கில விளக்கம் ‘ஏ’ என்று ஆரம்பித்ததற்கு, பேக்கேஜில் பிழை தேடும் லிண்டியன் என்ற நிரல் திட்டியது தனிக்கதை.)

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கம்பெனியில் இருந்தபோது எழுதிய ஃபைல் ஒன்றை நண்பன் மறதியாக உள்ளே விட்டிருந்தான். தலையில் கம்பெனி பெயர், ‘உள் உபயோகத்துக்கு மட்டும்’ என்ற வரி. எங்கள் இருவர் கண்ணிலும் படாதது அவர் கண்ணில் பட்டது. சம்பளமில்லாத வேலை, தூக்கத்தை விட்டுப் பார்க்கிறார். ஆனால் சார், எல்லாவற்றையும் ஒரே மெயிலில் சொன்னால் என்ன? ஒன்றைத் திருத்தினால்தான் அடுத்தது வாயிலிருந்து வரும் என்றால் நான் எப்போது தூங்குவது?

கடைசியில் ஏற்றினார். புதுப் பெயர்களைச் சரிபார்க்கும் ‘நியூ’ வரிசையில் காத்திருந்து பேக்கேஜ் உள்ளே போன அன்று மாலை நண்பன் போன் செய்தான். “மச்சான், ஃபங்ஷனெல்லாம் மாத்திட்டேன்டா. சோநேம் ரெண்டாயிருச்சு.”

சோநேம் என்பது லைப்ரரியின் இடைமுகப் பதிப்பைச் சொல்லும் பெயர். அது மாறினால் பேக்கேஜ் பெயரின் வாலிலுள்ள 1 என்பதும் 2 ஆகவேண்டும். பெயர் புதிது என்றால் மறுபடி ‘நியூ’ வரிசை. தயங்கித் தயங்கி சாருக்கு எழுதினேன். இரண்டரைக்குப் பதில் வந்தது.

“மகிழ்ச்சி. இன்னொரு சின்ன விஷயம். காப்பிரைட்டில் இந்த வருஷத்தைச் சேர்த்துவிட்டீர்கள்தானே?”

சேர்க்கவில்லை.