சிக்கனமான சர்க்கார்

பிரெஞ்சு சர்க்காரைப் போலச் சிக்கனக்காரர்கள் உலகத்தில் கிடையாது. ஒரு எண்ணைக்கூட வீணாக்க மாட்டார்கள்.

1848இல் அல்ஜீரியாவை மூன்று மாவட்டங்களாக வெட்டி, இது காலனியே அல்ல, சாட்சாத் பிரான்ஸ்தான் என்றார்கள். மண்தான் பிரான்ஸ், மண்ணின் மக்களுக்கு முழுக் குடியுரிமை கிடையாது. கிழக்கே இருந்த கான்ஸ்டன்டைன் மாவட்டத்துக்குப் பின்னாளில் வாய்த்த மாவட்ட எண் 93. அங்கே செத்திஃப் நகரில், 1945 மே 8 அன்று, ஹிட்லரின் ஜெர்மனி தோற்ற அதே நாளில், அல்ஜீரியக் கொடி பிடித்து ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டது. பதிலுக்கு ஐரோப்பியர் சுமார் நூறு பேர் சாக, ராணுவம் ஆயிரக்கணக்கில் கொன்று கணக்குத் தீர்த்தது.

1962இல் அல்ஜீரியா போயிற்று. எண் மிஞ்சியது. விடுவார்களா? பாரிஸை உள்ளடக்கிய சென் மாவட்டத்தை உடைக்க 1964இல் சட்டம் போட்டார்கள். 1968 முதல் வடகிழக்கே உருவான சென்-சேந்தெனி, 236 சதுர கிலோமீட்டர், புதிய 93 ஆனது. தொழிற்சாலைகள், கம்யூனிஸ்ட் நகராட்சிகள், கூலிக்கு வந்த அல்ஜீரியர்கள், எல்லாம் ஒரே பட்டியில்.

ஈழத்தமிழர் நிறையப் பேர் வாழும் லா கூர்நெவ் இந்த மாவட்டத்தில்தான். அங்கே ஏழாம் நம்பர் மெட்ரோ முடியும் நிலையத்தின் பெயரிலேயே '8 மே 1945' இருக்கிறது. வெற்றித் திருநாளாம்! செத்திஃபில் தாத்தாவைப் பறிகொடுத்தவனும் அந்தப் படியில்தான் ஏறி இறங்க வேண்டும்.

2005 ஜூனில் லா கூர்நெவுக்கு வந்த உள்துறை அமைச்சர் சார்க்கோசி, குடியிருப்பைத் தண்ணீர் பீச்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்யப்போவதாகச் சொன்னார். மனிதர்களை அழுக்கென்று சொல்லவும் ஒரு பதவி வேண்டியிருக்கிறது. அக்டோபரில் இதே மாவட்டத்தின் கிளிஷி-சூ-புவாவில், போலீசுக்குப் பயந்து ஓடிய இரண்டு பையன்கள் துணை மின்நிலையத்துக்குள் ஒளிந்து மின்சாரம் பாய்ந்து செத்தார்கள். புறநகர்கள் எரிந்தன. நவம்பரில் அவசரநிலை. எந்தச் சட்டத்தில்? 1955இல், அல்ஜீரியக் கிளர்ச்சியை நசுக்கப் போட்ட சட்டத்தில்! எண்ணும் பழசு, சட்டமும் பழசு. ஆன செலவு தூசி தட்டிய கூலி.

2018இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவர் அறிக்கை கொடுத்தார்கள். இங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்றே அரசுக்குச் சரியாகத் தெரியாதாம். பாரிஸின் கடைசிப் பள்ளிக்குக் கிடைப்பதுகூட இங்குள்ள முதல் பள்ளிக்குக் கிடைப்பதில்லையாம். 2024இல் ஒலிம்பிக்ஸ் வந்ததும் வீரர்களுக்கு வீடு, நீச்சல் குளம் என்று மளமளவென எழும்பின. அதே வருஷம், வகுப்புக்கு ஆள் இல்லை, கட்டடம் பாழாகிறது என்று இந்த மாவட்டத்து ஆசிரியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் நூறு மீட்டர் ஓடிக் காட்டியிருக்க வேண்டும்.